சிவப்பு நூல் போட்ட பக்கம்

செஞ்சிக்காரர்களை லேசில் இறக்க முடியாது என்று திண்டிவனத்துப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கோட்டை மலைமேல் இருக்கிறது, ஆளும் அங்கேயே ஏறி உட்கார்ந்திருக்கிறான் என்பார்கள். பேச்சு பேச்சாக இருக்கட்டும். தர்மதாஸ் நயினாரின் மகள் ஜ்வாலாமாலினி விஷயத்தில் அது ரொம்பக் குறைத்துச் சொன்ன பேச்சு.

தர்மதாஸ் செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்தார். அவலூர்பேட்டை, அனந்தபுரம் பக்கத்து விவசாயிகள் மூட்டையோடு வந்து இறங்குவது அவர் வாசலில்தான். சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிய வேண்டும். வடிகட்டாத தண்ணீர் நாக்கில் படக்கூடாது. எறும்புச் சாரி போனால் நின்று வழிவிட்டுத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட வீட்டுப் பெண் விலங்கியல் படிக்கப் போகிறேன் என்று நின்றால் என்ன ஆகும்? வீடு இரண்டுபட்டது. தவளையை அறுக்கணுமாமே என்று அம்மா பத்மினி அழுதாள். அறுக்கணும்தான் என்றாள் மாலினி. (அந்தப் பெரிய பெயரை முழுசாகச் சொல்ல வீட்டில் யாருக்கும் பொறுமை கிடையாது.) சென்னைக்குப் போனாள், அறுத்தாள். அறுத்த நாளிலெல்லாம் ஒருவேளை பட்டினி கிடந்தாள். பட்டினியைக் கல்லூரியில் சொல்லவில்லை, அறுத்ததை வீட்டில் விவரிக்கவில்லை. இரண்டு பக்கமும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் படிப்பு எங்கே நடக்கும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் அவள் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டாள். வழிகாட்டி பேராசிரியர் ராஜாங்கம். கெட்டிக்காரர், உழைப்பாளி, கோபக்காரர். மூன்றில் எது முன்னால் வரும் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். அவர் அப்போது கையில் எடுத்திருந்தது நரம்புச் சிலந்தி நோய்.

இன்றைக்கு அந்த நோயின் பேரே பலருக்குத் தெரியாது, நம் புண்ணியம். அன்றைக்குக் கோடை வந்தால் தெருவுக்கு நாலு பேர் நொண்டுவார்கள். காலில் ஒரு கொப்புளம் எழும்பும், நெருப்பாக எரியும், உடையும். உள்ளேயிருந்து நூல் மாதிரி ஒரு வெள்ளைப் புழு தலைநீட்டும். அதைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல், தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். வாரக்கணக்கில் அந்த அவஸ்தை. எரிச்சல் தாங்காமல் ஆள் படிக்கேணியில் இறங்கிக் காலை நனைப்பான். அங்கேதான் வினை. புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். சைக்ளாப்ஸ் என்று ஒரு தண்ணீர்ப் பூச்சி, கண்ணுக்கு வெறும் வெள்ளைப் புள்ளி, அது அந்தக் குஞ்சுகளைத் தின்னும். அந்தப் பூச்சியோடு தண்ணீரைக் குடித்தவன் காலில் மறுவருஷம் புழு வரும். அந்த ஒரு வருஷமும் உடம்புக்குள் அது இருப்பதே தெரியாது.

ராஜாங்கத்தின் வழி நேர் வழி. கேணியில் பூச்சிமருந்தைப் போடு, பூச்சி சாகும், நோய் ஒழியும். எவ்வளவு போட்டால் பூச்சி மட்டும் சாகும், குடிக்கிறவனுக்குக் கெடுதல் வராது என்று கண்டுபிடிப்பது மாலினியின் வேலை. டில்லியிலிருந்து அனுமதி வந்திருந்தது, கண்ணாடித் தொட்டிகள்கூட வந்து இறங்கியிருந்தன. எந்த ஊர்க் கேணியை எடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, மாலினிதான் தன் ஊர்ப் பாறைக்கேணியைச் சொன்னாள். அந்தப் பக்கத்து வீட்டுக் கிணறெல்லாம் உப்பு. குடிக்க நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் படியிறங்கிப் பாறைக்கேணியில்தான் மொள்ள வேண்டும்.

அந்தக் கோடையில் அவள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தாள். கேணிக்குக் கிழக்கே சாயபு தெரு. அங்கே வீட்டுக்கு வீடு குச்சியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கேணிக்கு மேற்கே நயினார் தெரு, அவள் பிறந்த தெரு. அங்கே ஒருத்தருக்கும் இல்லை. அதே கேணி, அதே படி, அதே தண்ணீர். பிறந்ததிலிருந்து பார்த்த தெருவை அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோல் நின்றாள். ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும் தவலை மேல் இரட்டையாக மடித்த ஒரு துணி. பூச்சி சாகக்கூடாது என்று வடிகட்டின துணி, வடிகட்டினவன் காலையும் காப்பாற்றியிருக்கிறது!

இதைச் சொன்னால் சார் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்துக்கொண்டே சென்னைக்குப் போனாள் பாவம். மருந்து வேண்டாம், இந்தத் துணியை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். ராஜாங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அடுத்தது இடிதான் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும்.

“இது விலங்கியல் இல்லைம்மா, உங்க மடத்துப் பிரசங்கம். பூச்சியைக் கொல்ல உனக்கு மனசு வரலை. அதுக்கு ஒரு காரணம் தேடிக்கிட்டு வந்திருக்கே” என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. பொய்யாக இருந்தால் அவ்வளவு சுட்டிருக்காது. விடுதி அறைக்குப் போய், அது உண்மைதானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கால் பங்கு உண்மைதான். தொட்டியில் மருந்தை ஊற்றிவிட்டுப் பூச்சிகள் அடங்குவதைப் பார்க்கும்போது தவளை நாள் ஞாபகம் அவளுக்கு வரத்தான் செய்தது. மிச்சம் முக்கால் பங்குக்கு என்ன பதில்? மருந்து நாறுகிற தண்ணீரை சனம் குடிக்காது, வேறே குட்டையைத் தேடிப் போகும். ஒரு மழை பெய்தால் மறுபடி போட வேண்டும், வருஷா வருஷம் யார் வந்து போடுவார்கள்? துணி எந்த வீட்டிலும் இருக்கிறது. கால் பங்குக்காக முக்கால் பங்கை விட அவள் தயாராக இல்லை.

மறுநாள் காலையிலேயே அவர் அறை வாசலில் நின்றாள். தன் தெருவே வேண்டாம், சமணர் ஒருத்தர்கூட இல்லாத தெருவில் செய்து காட்டுகிறேன், அங்கேயும் நோய் நின்றால் அது பிரசங்கம் இல்லை என்று ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டாள்.

“நிக்கலைன்னா?”

“நீங்க சொல்ற தொட்டியில நீங்க சொல்ற மருந்தை ஊத்தறேன் சார். வாயைத் திறக்க மாட்டேன்.”

நீ வாயைத் திறக்காமல் இருக்கிற அதிசயத்தையாவது பார்க்கிறேன் என்று சொல்லி, அவர் ஒரே ஒரு தடவைக்கு ஒத்துக்கொண்டார். புழு வெளியே வர ஒரு வருஷம் ஆகும் என்பதால் அறுபத்துமூன்று கோடையில் துணி, அறுபத்துநாலு கோடையில் முடிவு. அதுவரை சென்னையில் இருக்கும் நாளெல்லாம் தொட்டி வேலையும் நடக்க வேண்டும். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் அது.

சாயபு தெருவில் அவள் முதலில் போய் நின்றது ஹுசைன் பீ வீட்டில். நாற்பதைத் தாண்டிய பெண்பிள்ளை, குரல் எடுத்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். இரண்டு தடவை நரம்புச் சிலந்தி வந்து எழுந்தவள். மாலினி துணியை நீட்டியதும் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

“பூச்சி மேல இரக்கப்பட்டு வடிகட்டச் சொல்றியா? நாங்க ஆட்டையே அறுத்துத் திங்கிறவங்கம்மா.”

“பூச்சி மேல இல்லக்கா. உன் கால் மேல.”

அந்தப் பதில் ஹுசைன் பீக்குப் பிடித்துவிட்டது. அன்றைக்கே தெருவைக் கூட்டி, வடிகட்டாமல் தண்ணீர் குடிக்கிறவன் வீட்டு விசேஷத்துக்கு நான் வரமாட்டேன் என்று அறிவித்துவிட்டாள். பிரியாணிக்கு மசாலா கூட்டுவதில் அந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது; மிரட்டல் வேலை செய்தது.

ஆனால் அவர்கள் வடிகட்டின லட்சணம் மாலினிக்கு ஆகவில்லை. நயினார் தெருவில் அது ஒரு முறையோடு நடக்கும். துணியை மடித்துப் போடுவார்கள், மெதுவாக ஊற்றுவார்கள். பிறகு துணியைத் தலைகீழாகத் திருப்பி, வடிகட்டின தண்ணீரையே அதன் மேல் விட்டு, தங்கின பூச்சிகளை ஒரு செம்பில் இறக்கி, மறுபடி கேணியிலேயே கொண்டுபோய் விடுவார்கள். எங்கே பிறந்ததோ அங்கேயே அது வாழட்டும் என்பது முறை. சாயபு தெருவிலோ துணியைப் பானை வாயில் கயிற்றால் இறுக்கிக் கட்டி அப்படியே விட்டுவிட்டார்கள். மடிப்பதும் இல்லை, திருப்பிப் போடுவதும் இல்லை. என்றைக்காவது நினைப்பு வந்தால் அவிழ்த்து, தெருமண்ணில் உதறி, வெயிலில் காயப்போட்டு, திரும்பக் கட்டுவார்கள். இன்னா சோம்பேறித்தனம் என்று அவள் மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டாள். பூச்சியைத் திரும்பக் கேணியில் விடுங்கள் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி பிரசங்கம் ஆகிவிடுமே!

அந்தக் கோடை முழுக்க அவள் கிழக்குத் தெருவுக்கும் மேற்குத் தெருவுக்கும் நடந்த நடையில் செருப்பு தேய்ந்தது. மே மாதத்தில் அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டுக்கொண்டாள். வீட்டுத் தண்ணீர் வேலையும் மாலினி தலையில் விழுந்தது. அதையும் செய்துவிட்டுத்தான் ஓடினாள்.

அறுபத்துநாலு கோடை வந்தது. மாலினி சென்னையிலிருந்து பஸ் ஏறினாள். சாயபு தெருவில் ஒவ்வொரு வீடாக நுழைந்து ஒவ்வொரு காலாகப் பார்த்தாள். போன கோடைவரை கொப்புளம் இல்லாத வீடு தேடிப் பிடிக்க வேண்டியிருந்த தெரு அது. இப்போது அப்துல் சுக்கூர் ஒருவருக்குத்தான் வந்திருந்தது. அவரும், வயலுக்குப் போகும் வழியில் கேணியில் இறங்கிக் கையாலேயே அள்ளிக் குடித்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஹுசைன் பீ தன் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, பாரு, நல்லாப் பாரு என்றாள். மாலினிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதாள். அழுதால் என்ன, அதற்குத்தானே இரண்டு வருஷம் நடந்தாள்.

நாலு நாள் கழித்து, குளிக்கும்போது, அவள் இடது கணுக்காலுக்கு மேலே ஒரு இடம் எரிந்தது.

முதலில் கொசுக்கடி என்று சொல்லிக்கொண்டாள். விலங்கியல் படித்த பெண், எரிகிற கொப்புளத்தைக் கொசுக்கடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினாள் என்றால் அந்தப் பயம் எப்பேர்ப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் அது உடைந்தது. வெள்ளை நூல் தலை நீட்டியது. ஊருக்கெல்லாம் துணி கட்டிக் கொடுத்தவள் காலில், வடிகட்டாத தண்ணீரை வாயில் வைத்தே பார்க்காதவள் காலில், நயினார் தெருவில் யாருக்கும் வராத நோய்.

புடவையை இறக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள். ஹுசைன் பீயிடம் அது செல்லவில்லை. இரண்டு தடவை அந்த நடை நடந்தவளுக்குத் தெரியாதா? வீட்டுக்குள் இழுத்து உட்காரவைத்து, புடவையை விலக்கிப் பார்த்துவிட்டுத் தெருக்கதவைச் சாத்தினாள்.

“யார்கிட்டயும் சொல்லாத. உங்க சாருக்குத் தெரிஞ்சா இத்தினி வருஷம் பட்ட பாடும் போச்சு. நானே பக்குவமாச் சுத்தி எடுத்துடறேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது” என்றாள்.

வீட்டில் அதைவிட மோசம். தர்மதாஸ் மகள் காலைப் பார்த்துவிட்டு மண்டிக்கே போகவில்லை. நம் தெருவில் வடிகட்டாத தண்ணீர் குடிக்கிறார்கள் என்றல்லவா ஊர் பேசும், மேல்சித்தாமூரில் இருக்கிற நம் சமண மடம் வரைக்கும் இது போய்ச் சேருமே என்று புலம்பினார். “வாயை மூடிக்கினு இரு மாலினி. உன்னை இன்னாத்துக்குப் படிக்க வெச்சேன், எங்க மானத்தை வாங்கவா?” என்றார். அவர் அவளிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்கும் கோபம் வந்தது. மானம் எங்கே போச்சு நைனா, புழு எப்படி வந்ததுன்னு தெரிஞ்சா போதும் எனக்கு என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

காலை நீட்டி, குச்சியை மெதுவாகச் சுற்றிக்கொண்டே, அம்மா தண்ணீர் வடிகட்டுவதைப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். அம்மா கையில் ஒரு தப்பும் இல்லை. ஒரு குடம் வடிகட்டினதும் துணியைத் திருப்பி அலசி, பிழிந்து, கொடியில் போடுகிறாள். அடுத்த குடத்துக்கு வேறே துணி. அவள் மாமியார் காலத்திலிருந்து வருகிற பழக்கம். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அப்போதுதான் மாலினிக்குப் போன வருஷத்து மே மாதம் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. அம்மா கையில் கட்டு. வடிகட்டினது மாலினி. சாயபு தெருவுக்கு ஓட வேண்டிய அவசரத்தில் ஒரே துணியில் இரண்டு குடம்! முதல் குடத்தை ஊற்றினாள். பூச்சிகளைச் செம்பில் இறக்கத் துணியைத் திருப்பினாள், அலசினாள். திருப்பின துணியை அப்படியே தவலை மேல் போட்டு இரண்டாம் குடத்தை ஊற்றினாள். அலசலில் இறங்காமல் ஒட்டிக்கொண்டிருந்த பூச்சிகள் துணிக்கு அடிப்பக்கம் போய்விட்டன. இரண்டாம் குடத்துத் தண்ணீர் அவற்றைக் கழுவித் தவலைக்குள் இறக்கிவிட்டது. அதே தவலைத் தண்ணீரைக் குடித்த நைனாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் வரவில்லை. பூச்சி யார் டம்ளரில் போனதோ அவருக்குத்தானே.

பூச்சியை உயிரோடு திரும்ப விட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் மட்டும்தான் செய்யக்கூடிய தப்பு அது. மண்ணில் உதறிப் போடுகிறவனுக்குத் துணியைத் திருப்பிப் போடும் வேலையே இல்லை. சோம்பேறித்தனம் என்று அவள் முணுமுணுத்த சாயபு தெருவில், கட்டின துணி கட்டினபடி கிடந்ததால் ஒரு பூச்சியும் உள்ளே போகவில்லை. ஊருக்கு உபதேசம் செய்யப் போனவள் தன் வீட்டுத் துணியைப் பார்க்கவில்லை. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

நினைப்பு மட்டும் போதாது என்று, துறையிலிருந்து கொண்டுவந்திருந்த மைக்ராஸ்கோப்பை அடுக்களையிலேயே வைத்தாள். ஒரே பக்கம் வைத்து வடிகட்டினாள், தண்ணீர் சுத்தம். திருப்பிப் போட்டு வடிகட்டினாள், தண்ணீரில் சைக்ளாப்ஸ் துள்ளியது. மறுபடி மறுபடி செய்தாள், மறுபடி மறுபடி அப்படித்தான். அப்பாவைக் கூப்பிட்டுக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னாள். அவர் வெகுநேரம் பார்த்தார். உயிரோடதான் இருக்குது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து, வீட்டிலிருந்த வடிகட்டும் துணி ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் பெரிதாக ஒரு தையல் போட்டாள். சிவப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரிய மேலே இருக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. எத்தனை தடவை திருப்பி அலசினாலும் தவலை மேல் வைக்கும்போது சிவப்பு மேலே. பூச்சியும் பிழைக்கும், காலும் பிழைக்கும். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு நயினார் தெருவின் மற்ற வீடுகளுக்கு நூல்கண்டோடு தானே கிளம்பினாள்.

புழு பாதிகூட வெளியே வரவில்லை. குச்சியைக் கணுக்காலோடு வைத்துக் கட்டி, ஹுசைன் பீ தலையில் அடித்துக்கொண்டு வழியனுப்ப, மாலினி திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் பஸ் ஏறினாள். ஒவ்வொரு பள்ளத்திலும் உயிர் போய் வந்தது.

ராஜாங்கம் சாயபு தெரு முடிவைப் படித்தார். இரண்டாம் தடவை படித்தார். நிஜமாகவே முகம் மலர்ந்தது. துள்ளிக் குதிக்கவில்லைதான், ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இதை உடனே எழுதி முடிக்க வேண்டும் என்றார். அப்போதுதான் அவள் கட்டை அவிழ்த்துக் காலைக் காட்டினாள். அடுக்களையில் செய்த சோதனையையும் சிவப்பு நூல் போட்டதையும் சொன்னாள். தன் கால் ஒரு அத்தியாயமாக ஆய்வேட்டில் வரும் என்றும் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் இந்தத் தடவை இடி இல்லை, கெஞ்சல். அது எதற்கு, தெரு முடிவு ஒன்றே போதுமே, பளிங்கு மாதிரி இருக்கிறதே, அதில் போய் இதைக் கலப்பானேன் என்றார். ஆய்வு செய்தவளுக்கே நோய் வந்ததென்றால் தேர்வாளர்கள் சிரிப்பார்கள் என்றார். அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொன்னார். ரெண்டு வருஷமாக அவள் எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது. விலைதான் தப்பாக இருந்தது.

“சார், இது எங்க மடத்துப் பிரசங்கம்னு சொன்னீங்க. மதம்தான் காப்பாத்துதுன்னா எனக்கு வந்திருக்கவே கூடாது. எங்க வீட்டுல துணி பெரண்டுச்சு, எனக்கு வந்துச்சு. அவங்க தெருவுல பெரளலை, வரலை. உங்க கேள்விக்கு என் கால்தான் சார் பதில். அதை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது பிரசங்கம்தான்.”

“சிரிப்பாங்கம்மா.”

“சிரிக்கட்டும் சார். துணியை எந்தப் பக்கம் வைக்கணும்னு சொல்லாம நாலு ஊருக்கு நாம துணி கொடுத்தா, அங்க நொண்டறவங்க சிரிக்க மாட்டாங்க.”

யோசிக்கணும் என்று சொல்லிவிட்டார். அந்த யோசனை ஒரு வருஷம் நீண்டது. கையெழுத்து வரவில்லை. உடன் பதிந்தவர்கள் பட்டம் வாங்கிப் போனார்கள். வேறே வழிகாட்டியைப் பார் என்று சிநேகிதிகள் சொன்னார்கள், அவள் மறுத்துவிட்டாள். தப்பு என்று அவர் சொல்லவில்லையே, சங்கடம் என்றுதானே சொல்கிறார், சங்கடத்துக்கு மருந்து காத்திருப்பதுதான் என்றாள். புழு முழுசாக வெளியே வந்து, புண் ஆறி, கணுக்காலில் ஒரு வடு மட்டும் நின்றது. அவள் சாயபு தெருவுக்கும் சிவப்பு நூலைக் கொண்டுபோனாள். நாங்கதான் பானையில கட்டியே வெச்சிருக்கோமே, எங்களுக்கு எதுக்கு என்றாள் ஹுசைன் பீ. அவிழ்த்துக் கட்டும்போது மாறிவிடக்கூடாதே என்றதும் தையலைப் போட்டுக்கொண்டாள்.

அறுபத்தைந்து மே மாதம், நல்ல அக்கினி நட்சத்திரத்தில், ராஜாங்கம் முன்தகவல் இல்லாமல் செஞ்சி பஸ் நிலையத்தில் வந்து இறங்கினார். நானே பார்க்க வேண்டும் என்றார். மாலினி அவரைப் பாறைக்கேணிக்கு அழைத்துப்போனாள். கண்ணாடிப் பாத்திரத்தில் அவரே தண்ணீர் மொண்டு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வெள்ளைப் புள்ளிகள் துள்ளிக்கொண்டிருந்தன. சாயபு தெருவில் ஹுசைன் பீ தெருக்காரர் அத்தனை பேரையும் காலைக் காட்டவைத்து, அவர் வயதைக்கூடப் பார்க்காமல், எங்க பொண்ணைக் கஷ்டப்படுத்தறது நீதானாய்யா என்று கேட்டும்விட்டாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நயினார் தெருவுக்கு வந்து சேரும்போது அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தர்மதாஸ் அவரை உட்காரவைத்து, சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ராஜாங்கம் சொம்பை வாய்வரை கொண்டுபோனார். நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்தார். அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். மாலினி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. தர்மதாஸ் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க. சிவப்பு நூல் மேல இருந்துச்சா?”

மகளை வாயை மூடச் சொன்ன அந்த மனிதர் முகத்தில் ஒரு வருஷத்துக்கப்புறம் சிரிப்பு வந்தது.

“இருந்துச்சுங்க. நான் பாத்துட்டுத்தான் எடுத்தாந்தேன்.”

ராஜாங்கம் மடமடவென்று குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு மாலினியைப் பார்த்தார். தான் இப்போது என்ன கேட்டோம் என்பது அவருக்கும் புரிந்திருந்தது, அவளுக்கும் புரிந்திருந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று அவள் கொடுத்த வாக்கை அன்றைக்குத்தான் காப்பாற்றினாள்.

“அந்த அத்தியாயம் இருக்கட்டும்மா” என்றார் அவர். “முதல்ல அதை வை.”

பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பத்மினி இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.